பெயரோடு நிற்கும் நாய்: புதுச்சேரியில் செல்லப்பிராணிப் படங்கள் குறித்து

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை மாலை 6 மணிக்கு மூடினால் மறுநாள் காலை 7.30 மணிக்குத்தான் வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். விடிந்ததிலிருந்து அதுவரை சாலை நடப்பவர்களுக்குச் சொந்தம். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, காந்தி சிலையைத் தாண்டி ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தொட்ட கணவனும் மனைவியும். அவர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு நாட்டு நாய். அதன் முகவாய் முழுக்க நரைத்திருந்தது. படம் எடுக்க வந்த இளைஞர் தரையில் குப்புறப் படுத்து, நாயின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கியிருந்தார். அந்த அம்மா முந்தானையால் நாயின் கண்ணோரப் பீளையைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அவன் நரை தெரியாம எடுக்க முடியுமா?"

"இருக்கட்டும்மா. நீங்க அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்."

"மணி" என்று கூப்பிட்டார். தொங்கியிருந்த இரண்டு காதுகளும் நிமிர்ந்தன. அந்த நொடியில் படம் விழுந்தது. பிறகு அந்த ஐயாவோடு பேசினேன். நாய்க்குச் சிறுநீரகம் பழுது. மருத்துவர் கெடு சொல்லிவிட்டாராம். "போனப்புறம் வீட்ல ஒரு படம் வேணும்ல" என்றார்.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது. பணம் கொடுத்து, நேரம் குறித்து, தொழில்முறைக் கலைஞரை வரவழைத்து வளர்ப்பு விலங்கைப் படம் எடுக்கும் இந்த வழக்கத்தை எந்த மரபில் வைத்துப் புரிந்துகொள்வது?

வழக்கில் உள்ள இரண்டு விளக்கங்கள்

முதல் விளக்கம், இது வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்பது. புதுச்சேரியைப் பொறுத்தவரை இதைச் சொல்வது மிகவும் எளிது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர்; மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் உள்ள வெள்ளை நகரத் தெருக்கள்; திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வெளியூர்களிலிருந்து ஜோடிகள் வந்து நிற்கும் வீதிகள். அதே சுவருக்கு முன்னால் ஒரு நாயை உட்காரவைத்தால் அது பிரெஞ்சுப் பழக்கத்தின் நீட்சிபோலத்தான் தோன்றும்.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஹாரி பாயிண்டர் என்பவர் 1870களில் பூனைகளை விதவிதமாகப் படம் எடுத்து அட்டைகளாக விற்றார். அமெரிக்காவில் ஹாரி விட்டியர் ஃபிரீஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் சட்டை மாட்டிப் படம் பிடித்தார். 1970களில் வில்லியம் வெக்மன் தம் வைமரனர் நாய்க்கு மேன் ரே என்று பெயரிட்டு, அதையே தம் கலையின் நடிகனாக்கினார். இன்று புதுச்சேரியில் இத்தொழில் செய்பவர்களின் கருவிகளும் சொற்களும் அங்கிருந்தே வந்தவை; இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பாயிண்டரும் ஃபிரீஸும் எடுத்தவை முன்பின் தெரியாதவர்களுக்கு விற்ற வேடிக்கைப் படங்கள். அவற்றிலுள்ள பூனை யார் வீட்டுப் பூனை என்பது வாங்குபவருக்குத் தேவையில்லை. கடற்கரையில் நான் பார்த்த படமோ ஒரே ஒரு வீட்டின் சுவருக்காக எடுக்கப்பட்டது. விக்டோரியா அரசியும் தம் நாய்களைப் படம் எடுக்கச் சொல்லிக் குடும்ப ஆல்பங்களில் சேர்த்துவைத்தவர்தான். ஆகவே வீட்டுக்கென எடுக்கும் படமும் ஐரோப்பாவில் இருந்தது. கேமரா எங்கிருந்து வந்தது என்பதைவிட, படம் நம் வீட்டுக்குள் வந்ததும் எங்கே மாட்டப்படுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது விளக்கம் கனமானது. ஜான் பெர்ஜர், 1980இல் வந்த தம் நூலில் இடம்பெற்ற கட்டுரை ஒன்றில், தொழில்மயமான சமூகம் விலங்குகளை அன்றாட வாழ்விலிருந்து வெளியேற்றிவிட்டது என்றும், அந்த வெற்றிடத்தைச் செல்லப்பிராணிகளும் உயிர்க்காட்சிச் சாலைகளும் விலங்குப் படங்களும் நிரப்பின என்றும் வாதிட்டார். லண்டனுக்கும் பாரீசுக்கும் பொருந்தும் வாதம். புதுச்சேரியில் அது பாதிதான் பொருந்துகிறது. லாஸ்பேட்டை அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் வளரும் லாப்ரடாருக்குப் பெர்ஜர் சொன்னது சரி. அதே கட்டடத்தின் வாசலில் மாடு நிற்கிறது. குப்பைத் தொட்டியோரம் நாய் படுத்திருக்கிறது. மீன் அங்காடியில் செதில் பொறுக்கும் பூனைக்குக் குறைவில்லை. விலங்கு இங்கே கண்ணிலிருந்து மறையவில்லை. மறையாத ஊரிலும் ஒருவர் தம் நாயின் படத்தைச் சுவரில் மாட்ட விரும்புகிறார் என்றால் வேறொரு காரணத்தைத் தேட வேண்டும்.

கல்லில் வெட்டிய பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. செங்கம் வட்டார நடுகற்களை ஆராய்ந்த இரா. நாகசாமி 1972இல் வெளியிட்ட தொகுதியால் அறிஞர் கவனத்துக்கு வந்தவற்றில் இதுவும் ஒன்று. ஆநிரைப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்ட கல். வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது.

இது தனிக்கல் என்று ஒதுக்கவும் முடியாது. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக்கோழிக்கு எழுப்பிய கல் இருக்கிறது. எழுத்தமைதியால் அது கோவிவனைவிட மூத்தது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து இந்தளூர்க் கல்லிலும் ஒரு கோழி. அதற்குப் பொற்கொற்றி என்று பெயர். இந்தக் கோழி எந்தச் சேரியின் சார்பில் மோதியது என்றும் கல்வெட்டு குறித்துவைத்திருக்கிறது.

தமிழ்நாட்டு நாய்களைப் பற்றி எழுதுபவர்கள் கோவிவனை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. இந்திய நாயினங்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய சு. தியடோர் பாஸ்கரனைப் போன்றவர்களால் இது பொதுவாசகரிடமும் பரவியது. பெரும்பாலும் இதைத் தமிழரின் விலங்கு நேயத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கல் பெற்ற விலங்குகள் எல்லாம் ஏதோ ஒன்றைச் செய்தவை. கோவிவன் கடித்தது; கோழி சண்டையிட்டது. திண்ணையில் படுத்துத் தூங்கிய நாய்க்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை. கடமையைச் செய்து முடித்த பிறகே உருவம் கிடைத்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் குடிமைச் சட்டம் விலங்கை உணர்வுள்ள உயிர் என்று ஏற்றது 2015 பிப்ரவரியில்தான். சட்டத்தையும் நடுகல்லையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என்றாலும் ஒரு நாயைப் பெயர் சொல்லி, உருவம் செதுக்கி, இறந்த மனிதனோடு சேர்த்து நிறுத்தும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதை எடுத்தனூர் உறுதிசெய்கிறது.

ஸ்டுடியோவின் வாசலில் நின்றது

நடுகல்லுக்கும் கடற்கரைச் சாலைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. அதன் கடைசி நூறாண்டைப் பார்க்கப் புதுச்சேரியைவிட நல்ல இடம் கிடையாது. செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழகம், புதுச்சேரி ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்வடிவாக்கும் பணி நடந்திருக்கிறது. மானிடவியலாளர் ஸோயே ஹெட்லி முன்னெடுத்த முயற்சி. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் நிதி கொடுத்தது. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான காலம் அதன் எல்லை. ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு, கண்ணாடித் தகடுகள் உடைந்து, நெகட்டிவ்கள் வெள்ளிக்காகக் கழிவுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த வேளையில் செய்த பணி என்பதால் அதன் மதிப்பு பெரிது.

தமிழ் ஸ்டுடியோப் படத்தின் இலக்கணம் நமக்குத் தெரிந்ததுதான். வரைந்த திரைச்சீலை, பூத்தொட்டி, கைவைத்த நாற்காலி, நாற்காலியில் ஆண், பக்கத்தில் நின்றபடி மனைவி. கல்யாணம், காதுகுத்து, பெண் பார்க்க அனுப்பும் படம். குடும்பம் தன்னை எப்படிக் காட்ட விரும்பியதோ அப்படி. நாய்க்கு அந்த இலக்கணத்தில் இடம் அரிதாகவே கிடைத்தது.

காரணங்களில் ஒன்று தொழில்நுட்பம். பழைய தகடுகளுக்கு ஒளியை வாங்க நேரம் பிடித்தது. மனிதர்களையே மூச்சை அடக்கச் சொன்னார்கள். நாயிடம் அதைச் சொல்ல முடியாது. இன்னொரு காரணம் வாசல். நம் வீடுகளில் நாய் திண்ணைக்கு அப்பாலே நிறுத்தப்பட்டது. பைரவரின் வாகனமாகக் கும்பிட்ட அதே வாயால் அதன் பெயரை வசவாகவும் பயன்படுத்தினோம். நல்ல சேலை கட்டி, நகை போட்டு, காசு கொடுத்து எடுக்கும் படத்தில் வாசலுக்கு வெளியே இருப்பதை ஏன் சேர்க்க வேண்டும்? நாயோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஜமீன்தார்களும் அதிகாரிகளும் வேட்டைக்குப் போனவர்களும். அங்கே நாய், துப்பாக்கியைப் போல ஓர் அந்தஸ்துப் பொருள்.

அன்பு இல்லாததால் படம் இல்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை குடும்பத்தார் நினைவுகளின் வழியே நமக்கு வந்திருக்கிறது. ரா. அ. பத்மநாபன் தேடித் திரட்டி 1957இல் 'சித்திர பாரதி' வெளியிட்ட பிறகும் பாரதியின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றில் மனைவி உண்டு, மகள் உண்டு, நண்பர்கள் உண்டு. குருவி இல்லை. படத்தில் இல்லாததை வைத்து வாழ்விலும் இல்லை என்று முடிவுகட்டினால் பாரதியைப் பற்றியே தவறாகச் சொல்லிவிடுவோம்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவரில் 1960களின் குழுப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முற்றத்தில் எடுத்தது, பதினான்கு பேர். வலது ஓரத்தில், தரையோடு ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியிருந்தது. முதலில் தகட்டுக் கறை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்ததும் நான்கு கால்கள் தெளிந்தன. தலை மட்டும் இரண்டாகத் தெரிந்தது. படம் விழும்போது நாய் திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். ஓரத்தில் நிற்கும் பையன் யார் என்று அவருக்கு நினைவில்லை. படம் எடுத்தவர் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "அதுவா, வீரன்" என்று நாயின் பெயரை உடனே சொன்னார். அறுபது ஆண்டுகளாக அந்தப் பெயர் அவர் ஒருவரிடம் மட்டும் இருந்திருக்கிறது.

லட்சுமியின் படங்கள்

யானை செல்லப்பிராணி இல்லைதான். ஆயினும் புதுச்சேரியில் மனிதர்கள் விலங்கோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்களைப் பற்றிப் பேசும்போது மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைத் தவிர்த்தால் ஆய்வு பொய்யாகிவிடும். 1990களின் நடுவில் குட்டியாக வந்த லட்சுமி, கால்களில் வெள்ளிக் கொலுசோடு கோயில் வாசலில் நின்றாள். பிலிம் காலத்திலிருந்து செல்பேசி காலம் வரை அவளோடு படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பலரின் ஆல்பத்தில், தலைமேல் தும்பிக்கை இருக்க, பயமும் சிரிப்புமாகக் கண்ணை மூடிக்கொண்ட ஒரு படம் இருக்கும்.

2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் தெருவிலேயே சரிந்து லட்சுமி இறந்தாள். வயது சுமார் 32. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அஞ்சலி செலுத்தினார்கள். கடைத்தெருவே திரண்டு வந்தது. அழுதபடி ஊர்வலத்தின் பின்னால் நடந்தது. ஒரு பெரியவர் இறந்தால் நாம் வைக்கும் அதே கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அவள் முகம் இருந்தது.

என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. தமிழ் வீட்டில் சுவரில் மாட்டி மாலை போடும் படம் இறந்தவருக்கு உரியது. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போட யாரும் துணிய மாட்டார்கள். ஸ்டுடியோக்களுக்குக் கல்யாணத்துக்கு நிகராகச் சோறு போட்டது சாவு. இறந்தவரைச் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த படங்கள் நம் ஊர்களில் சாதாரணம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கோட்டு வரைந்து, பொட்டு வைத்துக் கொடுத்ததும் அதே கடைகள்தாம். அந்தச் சுவரில் ஒரு விலங்கின் படம் ஏறுகிறது என்றால் அது இறந்துபோனவர்களின் வரிசையில், உறவின் வரிசையில் சேர்கிறது. "போனப்புறம் வீட்ல ஒரு படம் வேணும்ல" என்று அந்த ஐயா சொன்னது இதைத்தான். பிரெஞ்சுத் தெருவும் வெளிநாட்டு லென்சும் பின்னணி மட்டுமே. படம் போய்ச் சேரும் இடம் நம் பழைய சுவர்.

கோவிவனிலிருந்து மணி வேறுபடும் புள்ளியும் இதுவே. மணி யாரையும் கடித்துக் காக்கவில்லை. எந்தச் சேரிக்காகவும் மோதவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கூட இருந்தான். அதற்காகவே அவனுக்கு உருவம் கிடைக்கிறது. தமிழர் உருவ மரபில் இது உண்மையிலேயே புதியது என்று கருதுகிறேன்.

படம் எதற்குச் சாட்சி?

அன்புக்குச் சாட்சியாக இருக்கும் படம் நலத்துக்குச் சாட்சி ஆகிவிடாது. லட்சுமியின் கொலுசைக் காட்டும் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்; தார்ச்சாலையில் நின்ற அவள் பாதம் எப்படியிருந்தது என்பதை அவை சொல்வதில்லை. காட்டு விலங்கைக் கோயில் வாசலில் தனியாக நிறுத்தலாமா என்று விலங்குநல ஆர்வலர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. அவள் சாவுக்கு அழுதவர்கள் அதைத் தங்கள் அன்பின் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நாய்ப் படத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்ட நாயைச் சிரிக்கிறது என்று பார்க்கிறோம். புதுச்சேரியின் மே மாதத்தில் அது பெரும்பாலும் வெப்பத்தின் இளைப்பு. களைப்பில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, காதைப் பின்னால் மடிப்பது ஆகியவை அச்சத்தின் குறிகள். கண்ணாடியும் தொப்பியும் மாட்டிய நாய்களின் படங்களில் இவற்றைத் தேடிப் பாருங்கள். அடிக்கடி கண்ணில் படும்.

நல்ல கலைஞர் இதை அறிந்தவர். கடற்கரை இளைஞர் முதல் இருபது நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நாய் அவர் கையை மோந்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பிளாஷ் போடவில்லை. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் நேர் வெளிச்சத்தில் கண் பச்சையாக எரியும் என்பது ஒரு காரணம், நாய் மிரளும் என்பது இன்னொன்று. 1/500 நொடிக்குக் குறைந்த வேகத்தில் எடுத்தால் காது அசைவில் கலங்கும். லென்சை முழுக்கத் திறந்தால் மூக்கு தெளிந்து கண் மங்கிப்போகும்; நீண்ட முகம் அல்லவா. விலங்கின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதி 2019 முதல் சோனி கேமராக்களில் வந்து, பிறகு மற்றவற்றிலும் பரவியதால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது.

கறுப்பு நாய்தான் பெரிய சோதனை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். கறுப்பு நாய் சாம்பல் பூத்துப்போகும். அதைக் கறுப்பாகவே வைக்க ஒளியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கண் இருளில் அமுங்கும். அவர் நாயைக் கிழக்கே, கடலைப் பார்த்து உட்காரவைத்தார். வானத்தின் வெளிச்சம் இரண்டு கண்ணிலும் சிறு புள்ளியாக விழுந்தது. பழைய ஸ்டுடியோக்காரர்கள் வடக்குச் சன்னலை வைத்து மனித முகத்துக்குச் செய்ததை அவர் கடலை வைத்து நாட்டு நாய்க்குச் செய்தார்.

நாட்டு நாய் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் கன்னிக்கும் புகழ் உண்டு. தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்த கறுப்பு நாய்க்கு இனப்பெயர் இல்லை. அதற்குச் சான்றிதழும் கிடையாது, கண்காட்சியும் கிடையாது. அதற்கு வாய்க்கும் ஆவணம் இந்த ஒரு படம்தான்.

பின்புறம்

பழைய படங்களைக் கையில் எடுப்பவருக்கு முதல் துன்பம் முகங்கள் மங்கியிருப்பது அல்ல. புரட்டிப் பார்த்தால் பின்புறம் வெறுமையாக இருப்பது. ஸ்டுடியோவின் முத்திரை சில அட்டைகளில் இருக்கும்; உட்கார்ந்திருப்பவர் யார், எந்த ஆண்டு என்பது இருக்காது. குடும்பத்தில் கடைசியாகத் தெரிந்தவர் போனதும் படம் யாரோ ஒருவரின் படமாகிவிடுகிறது. செல்பேசியில் கிடக்கும் ஆயிரம் படங்களின் கதி இதைவிட மோசம். கருவி பழுதானால் முகமே மிஞ்சாது.

முத்தியால்பேட்டைப் பாட்டி அனுமதி கொடுத்ததும் அந்தச் சட்டத்தைக் கழற்றி, அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதினேன்: வீரன், வலது ஓரம். மற்றப் பதின்மூன்று பேரின் பெயர்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அந்தப் பையனுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறோம்.

கோவிவனைப் போல நூற்றுக்கணக்கான நாய்கள் அந்த நூற்றாண்டில் கள்ளரைக் கடித்திருக்கும். நமக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஒருவர் பெயரை வெட்டிவைத்ததால். உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருக்கும் படம் ஒன்று இருந்தால் இன்றே அச்செடுத்து, அதன் பெயரையும் நாளையும் தெருவையும் பின்னால் எழுதிவையுங்கள். எடுத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.